மண் தின்ற எஞ்சின்கள்: மதுரைச் சீமையில் டீசலின் கதை

"மதுரையும் இயந்திரங்களும்" என்று ஏதாவது எழுதித் தாருங்கள் என மலர்க் குழுவினர் கேட்டார்கள். கோயிலுக்கும் வைகைக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் எழுத நம்மில் ஆள் நிறைய உண்டு. டீசல் எஞ்சினுக்கு நான் ஒருவன்தான் அகப்பட்டேன் போலும்! நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் மண்வெட்டும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். நம் பக்கத்தில் டீசல் எஞ்சின்கள் எப்படி வந்தன, எதனால் செத்தன, சாகாமல் காக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நடுவில் என் தவறு ஒன்றும் வரும். அதை எழுதத்தான் ஒப்புக்கொண்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

நம் ஹீட் எஞ்சின் லேபில் இருந்த ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் யாருக்கும் மறந்திருக்காது. 5 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 1500 சுற்று. ரோப் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒருவன் நிற்க, இன்னொருவன் ஸ்டாப் வாட்ச் பிடிக்க, மூன்றாமவன் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டிருப்பான். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதை அங்கே படித்தோம். எப்படிச் சாகிறது என்பது சிலபஸில் இல்லை. பணிமனையில் இருந்த பயிற்றுநர் ஒருவர் மட்டும் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, "இந்தாடா, கேளு" என்பார். "டொக் டொக்னு வந்தா ஒரு வியாதி, கரகரன்னு வந்தா வேற வியாதி" என்பார். எங்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

வரலாறு என்று பேர் வைத்துவிட்டதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மதுரைச் சமவெளியைப் புரட்டிப்போட்ட மாபெரும் கட்டுமானம் முல்லைப் பெரியாறு. பென்னிகுயிக் அதை முடித்து மேலூர்ப் பக்கம் வரை தண்ணீர் வந்தது 1895-ல். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டியது 1897-ல். அதாவது நம் வயல்களை நனைக்கும் அந்த அணையும் வாய்க்காலும் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் எழுந்தவை. மண்வெட்டியும் கூடையும் மாடும் நீராவியும் மனிதக் கையும்தான்.

மதுரையில் எஞ்சினைப் பேணும் பழக்கம் பஸ்ஸோடுதான் வேர்விட்டது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் விட்டார். அன்றைய சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடக்கும், டயர் பஞ்சராகும். பஸ் போகும் பாதையில் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கேஸ் பிளாண்ட்டை அந்த நிறுவனமே செய்தது. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். பஞ்சரே ஆகாமலிருக்க ஆணியைப் பொறுக்க வேண்டும் என்று நினைத்தவர்தான் அபூர்வம். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன் வந்தது. டிப்போ மெக்கானிக் என்றால் மதுரையில் ஒரு தனி மரியாதை. அப்படி ஒருவர் இந்தக் கதையில் பின்னால் வருகிறார்.

மண்வெட்டும் ராட்சத இயந்திரங்கள் நம் பக்கம் பரவலாக வந்தது அதற்கப்புறம். 1964-ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் புல்டோசர்கள் அரசு வேலைகளில் தென்பட்டன. 1970-களில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் போக்லைன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர்களை இங்கே செய்யத் தொடங்கியது. நம் ஜனங்கள் அன்று பிடித்த பேரை இன்றும் விடவில்லை. எந்தக் கம்பெனி மிஷின் வந்தாலும் "பொக்லைன்"தான்! மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் பெருகியபோது கம்ப்ரெசரும் கிரேனும் பொக்லைனும் கூட்டமாக வந்து இறங்கின. அங்கேதான் டீசல் எஞ்சினுக்குச் சனி பிடித்தது.

ஏன் என்று சொல்கிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்க, அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது; அதில் டீசலைப் பீச்சினால் தானே எரிகிறது. ஆகவே எஞ்சினின் முதல் சாப்பாடு டீசல் இல்லை, காற்று. ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 13 லிட்டர் குடிக்கும் பொக்லைன் பத்து மணி நேரம் ஓடினால் 13 லட்சம் லிட்டர் காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்று கொடைக்கானல் காற்றாக இருந்தால் பரவாயில்லை. குவாரிக் காற்றில் மிதப்பது கல்மாவு. அதிலுள்ள குவார்ட்ஸ் சிலிண்டர் லைனரின் இரும்பைவிடக் கடினமானது. ஆயிலோடு சேர்ந்துவிட்டால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்தான்! கைப்பிடி அளவு தூசி போதும், ஒரு எஞ்சின் கதை முடிய. திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கு வேறு குணம். அது காய்ந்து ரேடியேட்டர் இடுக்கில் அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும். மேலூர்க் கல்தூசி போலச் சத்தமில்லாமல் அறுக்காது.

இனி என் தவறு. 1988 என்று நினைவு. மேலூருக்குக் கிழக்கே ஒரு குவாரி. முதலாளி பேர் வேண்டாம். படித்த எஞ்சினீயர் என்று என்னை வைத்திருந்தார்கள். ஓவர்ஹால் செய்து 700 மணி நேரம்கூட ஓடாத ஒரு பொக்லைன் எஞ்சின் ஒருநாள் மத்தியானம் இறுகி நின்றுவிட்டது. டிப்ஸ்டிக்கை உருவினேன், நுனியில்கூட ஆயில் இல்லை. ஆப்பரேட்டர் நத்தம் பக்கத்துப் பையன், என் வயதுதான் இருக்கும். "சார், நான் ஊத்திக்கிட்டேதான் இருந்தேன். அது குடிச்சிக்கிட்டே இருந்துச்சு" என்றான். ஊதாப் புகை வருகிறது என்று முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தான். இன்னொன்றும் சொல்லியிருந்தான்: "மத்த மிஷின்ல ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் பத்து நாளைக்கு ஒருவாட்டி சிவப்பு காட்டுது சார், இதுல மட்டும் விழவே மாட்டேங்குது." நல்லதுதானே, ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். "ஆப்பரேட்டரின் கவனக்குறைவு, ஆயில் மட்டம் பார்க்கவில்லை" என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே அவனுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

புது லைனர், புது பிஸ்டன், புது ரிங்கு. புது ஆப்பரேட்டரும் வந்தார். மூன்றே மாதத்தில் அதே எஞ்சின் மறுபடி ஊதாப் புகை விட்டது. அதற்குள் பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் ஹெட் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தார். அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். டிப்ஸ்டிக்கை அவர் தொடக்கூட இல்லை. முதலில் ஆயில் மூடியைத் திறந்து, அங்கே கையை வைத்தார். புஸ் புஸ்ஸென்று காற்று அடித்தது. எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்து ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரல் செம்பழுப்பாக வந்தது. அதைப் பல்லில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நறநறங்குது தம்பி. இது மண்ணு தின்ன எஞ்சின்" என்றார்.

ஹோஸின் முழங்கையில், கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கீறல். கிளாம்பும் நெளிந்து தளர்ந்திருந்தது. காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்த வழியாகச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபில்டர் அடைபடாததால் இண்டிகேட்டர் சிவப்புக் காட்டவில்லை. முதல் எஞ்சினைப் பிரித்தபோதும் அதே ஹோஸைத்தான் துடைத்து மாட்டியிருந்தோம். பழைய பாகங்கள் ஷெட் மூலையில் சாக்கில் கிடந்தன. அண்ணன் எடுத்துக் காட்டினார். டர்போவின் காற்றுச் சக்கர இறக்கைகள் கத்தி முனைபோல் தேய்ந்திருந்தன. லைனரில் மேல் ரிங்கு திரும்பும் இடத்தில் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம். வெறும் ஆயில் குறைவால் செத்த எஞ்சின் என்றால் பேரிங்கு கருகியிருக்கும், பிஸ்டன் பக்கவாட்டில் உரசியிருக்கும், மேலே இப்படி அரம் போட்டிருக்காது. பேரிங்கு கருகித்தான் இருந்தது. ஆனால் அது கடைசிச் சங்கதி. மண் ரிங்கைத் தின்றது, ரிங்கு போனதால் ஆயில் எரிந்தது, ஆயில் தீர்ந்ததால் பேரிங்கு பிடித்தது. நான் கடைசியில் நடந்ததைப் பார்த்து ஒருவன் தலையில் எழுதிவிட்டேன்.

அண்ணன் திட்டவில்லை. "டிப்போவுல தெனம் ஒரு சீட்டு எழுதுவோம். எம்புட்டு ஆயில் ஊத்துனோம், என்ன புகை, டிரைவர் என்ன சொன்னாரு. இங்கிட்டு எழுதற பழக்கமே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒவ்வொரு மிஷினுக்கும் 40 பக்க நோட்டு வாங்கிப் போட்டோம். ஹவர் மீட்டர் ரீடிங், ஊற்றிய ஆயில், தண்ணீர், புகையின் நிறம், ஆப்பரேட்டர் சொன்னது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடிவிட்டது. ஊதா என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நேற்றைக்கு என்ன நிறம் என்பது நோட்டில் மட்டும்தான் இருக்கும். ஃபில்டரை டிராக் பிளேட்டில் தட்டித் தூசி உதிர்க்கும் கெட்ட பழக்கத்தையும் அண்ணன் ஒழித்தார். தட்டினால் காகித மடிப்பு கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது.

இதே வேலையை உலகத்தில் இன்னொரு இடத்தில் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் டென்வர் ரியோ கிராண்டே ரயில்வேக்காரர்கள் 1940-களிலேயே டீசல் லோகோவின் பழைய ஆயிலை எடுத்து எரித்து, அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் என்ன உலோகம் எவ்வளவு என்று கண்டுபிடித்தார்கள். இரும்பு ஏறினால் லைனர், குரோமியம் என்றால் ரிங்கு, அலுமினியம் என்றால் பிஸ்டன், ஈயமும் செம்பும் என்றால் பேரிங்கு, சோடியம் என்றால் கூலண்ட் கசிவு. சிலிக்கான் ஏறினால் மண். எஞ்சினைத் திறக்காமலே ரத்தப் பரிசோதனை! நம் ரயில்வே டீசல் ஷெட்டுகளிலும் இந்தச் சோதனை வந்தது. சிலிக்கானை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கேஸ்கெட்டுக்குத் தடவும் பசையிலும் அது உண்டு. சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால்தான் மண் என்று நம்பலாம். அண்ணனின் விரலும் பல்லும் செய்தது இந்த வேலையைத்தான், கொஞ்சம் தாமதமாக.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உப்பு படிந்து சூடு வெளியேறாது. லைனர் அதிரும்போது வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் வெடித்து ஊசித் துளை போடும் வியாதி ஒன்றும் உண்டு. கூலண்டில் அதற்குரிய மருந்து கலந்தால் தடுக்கலாம். சுத்தமான தண்ணீரும் சரியான கூலண்டும் வாங்கும் காசு ஒரு லைனர் விலைகூட ஆகாது.

2012-ல் முறைகேடு விவகாரம் வெடித்து மேலூர் குவாரிகள் நின்றன. அந்த வழக்குகளுக்குள் நான் போகவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றுபோன மிஷின்களைப் பார்த்தபோது, ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவது கொடுமை என்று பட்டது. பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் பேரிங்கை அரிக்கும், லைனரில் துரு ஏறும், டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து பாசி கட்டும். நிறுத்துகிற நாளில் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி, புகைக்குழாய் வாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் பாதி பிழைத்திருக்கும்.

கட்டுமான இயந்திரங்களுக்கான புதிய புகைக் கட்டுப்பாடு 2021-ல் வந்த பிறகு எஞ்சின் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. டீசல் இப்போது 1,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. பேரலில் நின்ற தண்ணீர் கலந்த டீசலை இன்ஜெக்டர் மன்னிக்காது. லேப்டாப்பை மாட்டினால் எந்த சென்சார் என்ன சொல்கிறது என்று கோடு வருகிறது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அதை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். தளர்ந்த கிளாம்புக்கு இன்னும் கோடு எழுதவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த ஆப்பரேட்டர் பாக்கி. உண்மை தெரிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நத்தம் பஸ் ஏறிப் போனேன். ஒரு செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மறுபடி வேலைக்கு வரலாம் என்றேன். ஹோஸில் கீறல், கிளாம்பு தளர்ச்சி, இண்டிகேட்டர் சிவப்புக் காட்டாத காரணம் எல்லாம் விளக்கினேன். அதுவரை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கிளாம்பா சார்? எம்புட்டு சார் இருக்கும் அது, நாலு ரூவா இருக்குமா?"

அவன் திரும்பி வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வரும்வரை கூட நின்றான். காசு கொடுக்கப் போன என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.