விண்மீன் கணக்கில் சிக்கிய இதயத் துடிப்பு

1733-இல் வெளியான தன் நூலில், இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு சோதனையை விவரித்தார். குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது, அதில் ஏறும் இரத்தத்தின் உயரம் மூச்சோடு சேர்ந்து மாறியது. 1847-இல் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், தான் வடிவமைத்த கைமோகிராஃப் கருவியால் இன்னும் தெளிவாகக் காட்டினார்: மூச்சை இழுக்கையில் நாடி விரைகிறது, விடுகையில் தணிகிறது. நலமான இதயம் கடிகாரம் போல் துடிப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டுவரத்தான் நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

1965-இல் கூலியும் டூக்கியும், அலையை அலைவெண்களாகப் பிரிக்கும் விரைவு ஃபூரியே உருமாற்றத்தைத் தந்ததும் கணினிக்கு வேலை எளிதானது. 1981-இல் சோலான்ஜ் அக்சல்ராடும் சக ஆய்வாளர்களும் நாய்களின் துடிப்பை அலைவெண்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். இதயத்தைத் தணிக்கும் இணைப்பரிவு நரம்புகளை மருந்தால் தடுத்தபோது, மூச்சை ஒட்டிய வேக அலை மறைந்தது. நரம்பின் வேலையை உடலைக் கீறாமலே படிக்கலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் வலுப்பெற்றது.

ஆனால் ஃபூரியே முறை சம இடைவெளியில் எடுத்த அளவுகளைக் கேட்கிறது. இதயமோ 810, 850, 900, 860 மில்லிவிநாடி இடைவெளிகளில் தன் போக்கில் துடிக்கிறது. எனவே துடிப்புகளுக்கு நடுவே செயற்கைப் புள்ளிகளை நிரப்பி, விநாடிக்கு நான்கு என்பதுபோல் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. நேர்க்கோட்டில் நிரப்பினால் வேகமான அலைகளின் வலு குறைந்துவிடும். இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும்.

ஃபூரியே முறைக்கு மாற்று வழிகள் வானத்தைப் பார்த்தவர்களிடமிருந்தே வந்தன. ஒன்று, 1927-இல் புள்ளியியலாளர் யூல் சூரியப் புள்ளிகளை ஆராய்ந்தபோது உருவாக்கிய, முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்ததைக் கணிக்கும் தன்பின்னடைவு மாதிரி. 1986-இல் மிலானில் பகானி, மலியானி குழுவினர் அதை இதயத்துக்குப் பயன்படுத்தினார்கள். சில நிமிடப் பதிவிலேயே அலைவெண் முகடுகள் வழவழப்பாகத் தெரியும். ஆனால் மாதிரியின் படியை, அதாவது எத்தனை முந்தைய அளவுகளைச் சேர்ப்பது என்பதை, ஆய்வாளர்தான் தேர்கிறார். படி குறைந்தால் இரண்டு முகடுகள் ஒன்றாகும், கூடினால் இல்லாத முகடு முளைக்கும்.

மற்றது லோம்ப் (1976), ஸ்கார்கிள் (1982) முறை. மேகமும் பகலும் குறுக்கிடுவதால் விண்மீன்களின் ஒளியைச் சீரான இடைவெளியில் அளக்க முடியாது; அந்த இடைவெளிகளை நிரப்பாமலே கணக்கிட வகுத்த முறை இது. எம்.ஐ.டி.யின் ஜார்ஜ் மூடி இதை இதயத்துக்குக் கொண்டுவந்தார். 1998-இல் லகூனா, மூடி, மார்க் மூவரும் முறைகளை ஒப்பிட்டு, செயற்கைப் புள்ளிகளால் வரும் பிழை இதில் இல்லை எனக் காட்டினார்கள். ஒழுங்கற்ற துடிப்புகளை நீக்கியபின் எஞ்சுவதை அப்படியே ஏற்பதால், மூன்றில் இதுவே தரவுக்கு நேர்மையாக நடந்துகொள்கிறது.

1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு அலைவெண் பட்டைகளின் எல்லைகளை வரையறுத்தது: 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரை தாழ் அலைவெண், 0.15 முதல் 0.4 வரை உயர் அலைவெண். குறுகிய பதிவுக்கு ஐந்து நிமிடம். நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சுவிடுபவரின் முகடு 0.25-இல், உயர் பட்டையில் விழும். அவரே நிதானமாக ஆறு முறை மட்டும் மூச்சுவிட்டால் முகடு 0.1-க்கு இறங்கித் தாழ் பட்டைக்குள் போய்விடும். இதை எந்தக் கணக்கு முறையும் திருத்தாது; பதிவின்போதே மூச்சின் வேகத்தையும் குறித்துவைக்க வேண்டும்.