கல்விக் கடன் வந்த கதை

ஜூன் மாதம் பிறந்தால் லிஃப்டில் என்னைப் பார்க்கும் இரண்டு மூன்று பேராவது, "சார், பையனுக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். வாங்கலாம். அதன் பழைய கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்தக் கடன் 2001-ல்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். 1963-லேயே மத்திய அரசு, தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன். ஆசிரியர் வேலைக்குப் போனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் திரும்பி வந்த பணம் மிகக் குறைவு. பெயரிலேயே 'உதவித்தொகை' இருந்ததால், வாங்கியவர்கள் அதைக் கடனாக நினைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கொடுத்தது மத்திய அரசு, வசூலிக்க வேண்டியது மாநில அரசு. யார் போய்க் கதவைத் தட்டுவது?

2001-ல் வந்தது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் வரை. 4 லட்சம் வரை அடமானமோ ஜாமீனோ வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முந்தியோ அப்போது தவணை தொடங்கும். பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலம் அது. எங்கள் கிளையிலும் கூட்டம்தான்.

தவணை கட்டாத பிள்ளைகளைப் பொறுப்பில்லாதவர்கள் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு விவசாயி பாஸ்புக்கோடு வந்தார். "மூணு லட்சம்தானே வாங்கினோம் சார், நாலேகால்னு இருக்கே?" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டு, 12 சதவீதத் தனிவட்டி. தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,26,000. ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,500 ரூபாய். மகனின் சம்பளமோ 9,000. அந்த மனுவில் அவரிடம் கையெழுத்து வாங்கியவன் நான்தான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை.

நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு செல்போன் எண்ணை மாற்றியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் பிறகு வீட்டுக் கடன் கேட்டு வந்தபோது, சிபில் அறிக்கையில் பழைய பாக்கி நின்றது.

தள்ளுபடிப் பேச்சு இதை இன்னும் குழப்பியது. 2014 இடைக்கால பட்ஜெட்டில், 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களுக்கு, 2013 டிசம்பர் வரை சேர்ந்த வட்டியை மட்டும் அரசு ஏற்றது. ஊரில் பரவியதோ 'கடனே ரத்து' என்று. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களிலும் தள்ளுபடி வாக்குறுதி வந்தது. கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்த ஒரு பெண், "அப்போ நாங்க ஏமாளிங்களா சார்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

நீங்களும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவீர்கள். பாக்கி விழுந்தால் உங்கள் சிபிலிலும் விழும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன். மனுவோடு வாருங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கணக்கை அவர்கள் எதிரிலேயே போட்டுவிடலாம்.