போர்ப்புண்ணும் மருத்துவரும்: புறப்பாடல்களும் கொரியப் போரும்

முன்னுரை

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் சென்னைப் பொறியாளர் படைத்தொகுதியின் தலைமையகம் உள்ளது. அதே ஏரியை அடுத்துப் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இயங்கி வருகின்றது. 1809இல் தண்டுப்பகுதி அமைந்ததைத் தொடர்ந்து, படையோடும் படை சார்ந்த தொழில்களோடும் தமிழர் பலர் இப்பகுதியில் குடியேறினர். ஆதலின் இவ்வூர்த் தமிழர்க்குப் போர் என்பது ஏட்டில் மட்டும் காணும் பொருளன்று. எனினும் படை வரலாற்றில் வெற்றியும் வீரச்சாவும் பெறும் இடத்தைப் புண்பட்டோரைக் காத்த பணி பெறுவதில்லை. புறப்பாடல் ஆய்விலும் இதே நிலையைக் காணலாம். எனவே, சங்கப் பாடல்கள் காட்டும் புண் மருத்துவத்தையும் கொரியப் போரில் (1950-53) இந்திய மருத்துவப் பிரிவு ஆற்றிய பணியையும் ஒருசேர வைத்து, புண்பட்டவனைக் காக்கும் கடமை யாருடையது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

புறப்பாடல்களில் புண் மருத்துவம்

பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், விழுப்புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியை நீரில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகின்றார். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் புண்பட்டவன் வீட்டைக் காட்டுகின்றார். அங்கே இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன; ஐயவி சிதறப்படுகின்றது; யாழ் ஒலிக்கின்றது; காஞ்சிப்பண் பாடப்படுகின்றது. புண்பட்ட கணவனைப் பேய் தொடாமல் மனைவி காப்பதைத் தொல்காப்பியம் காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. இவ்விடங்களில் காக்கப்படுபவன் கணவனாகவோ தம் படை மறவனாகவோ அமைகின்றான். உறவும் செஞ்சோற்றுக் கடனுமே இங்குக் கடமையின் எல்லையை வரையறுக்கின்றன.

கொரியாவில் இந்திய மருத்துவர்கள்

1950இல் கொரியப் போர் மூண்டபோது, வடகொரியாவின் படையெடுப்பைக் கண்டித்த இந்தியா, போரிடும் படையை அனுப்ப மறுத்தது. அதற்கு மாற்றாக 60ஆம் வான்குடை மருத்துவப் பிரிவை அனுப்பியது. அப்பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். 1941இல் வான்குடையில் குதித்த முதல் இந்தியர் இருவருள் ஒருவர் இவர். கொரியாவுக்குச் செல்லுதல் அரசின் ஆணை. ஆயினும் வான்குடைப் படைக்குத் தாமாக முன்வந்தோரே எடுக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்குப் போதிய ஊர்தி இல்லை. கருவிகளைக் கைவிட்டுச் செல்ல மனமில்லாத அவர்கள், கைவிடப்பட்டிருந்த தொடர்வண்டிப் பொறி ஒன்றைக் கண்டுபிடித்து, வாளிகளால் நீர் நிரப்பி, தாமே ஓட்டிச் சென்றனர். கருவி இன்றேல் மருத்துவர் இருந்தும் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1951 மார்ச் 23இல் முன்சானில் அமெரிக்க வான்குடைப் படையினர் குதித்தபோது, ரங்கராஜ் உள்ளிட்ட இந்திய மருத்துவக் குழுவினர் பன்னிருவரும் உடன் குதித்து, போர்க்களத்திலேயே சிகிச்சை அளித்தனர். பிரிவின் மற்றொரு பகுதி தேகு நகரில் கொரியப் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

1953 ஜூலை 27இல் போர் நிறுத்தம் ஏற்பட்டபின், தாயகம் திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காக்க இந்தியப் படை சென்றது. கைதிகள் குறித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குக் குடகைச் சேர்ந்த கே.எஸ்.திம்மையா தலைமை ஏற்றார். மருத்துவப் பிரிவும் அக்காவற் படையுடன் இணைந்து பணியாற்றி, 1954இல் தாயகம் திரும்பியது.

முடிவுரை

சங்கப் பாடலின் வீட்டில் ஊசியும் வேம்பும் தம்மவன் ஒருவனுக்காகவே காத்திருந்தன. கொரியாவில் அமெரிக்கர், கொரியப் பொதுமக்கள், கைதிகள் என உறவற்றோர் யாவர்க்கும் அக்கடமை விரிந்தது. பரிவு பழையது, அதன் எல்லை புதியது எனலாம். புறத்திணையைப் பயிற்றுவிப்போர் மறவனின் வாளோடு மருத்துவரின் ஊசியையும் கருத்திற்கொள்வாராயின், போரைப் பற்றிய நம் படிப்பு முழுமை பெறும். அல்சூர் போன்ற படைவீட்டு ஊர்களின் வரலாற்றை எழுதுவோர்க்கும் இது பொருந்தும்.