எடைக் கணக்கும் நினைவகக் கசிவும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் பட்டு நெசவு தலைமுறை தலைமுறையாக எடைக் கணக்கை நம்பியே நடந்துவருகிறது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார். நெசவாளர் சேலையை அறுத்துக் கொண்டுவந்ததும், அதனை மீந்த நூலோடு சேர்த்து நிறுத்து வாங்குவார். ஆயினும், சாயக்காரர் கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசை போக்கும்போது 100 பங்கில் ஏறக்குறைய 25 பங்கு எடை இயல்பாகவே கரைந்துபோகும் என்பதை அறியாதவன் அந்தக் கணக்கைப் புரட்டினால், சாயக்காரரின் நாணயத்தையே சந்தேகித்துவிடுவான். எவ்வளவு குறைந்தது என்பதோடு நில்லாமல், குறைந்தது எங்கே போயிற்று என்று கேட்டால்தான் விசாரணை நியாயமாக முடியும்.

கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் நேரும் நினைவகக் கசிவைக் கண்டறியும் வித்தையின் சரித்திரமும் மெல்ல மெல்ல இக்கேள்வியை நோக்கியே நகர்ந்து வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சாதாரண நிரல் ஒன்று வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தர மறந்தாலும், அது முடிந்து விலகும்போது கெர்னல் அனைத்தையும் மீட்டுக்கொள்கிறது. கெர்னலே மறந்துவிட்டால் மீட்பதற்கு அதற்கு மேலே எவரும் இல்லாமையால், மாதக்கணக்கில் அணைக்கப்படாது ஓடும் சர்வரில் சிறுகச் சிறுகத் தொலையும் பைட்டுகளே ஒரு நாள் இயந்திரத்தை முடக்கிவிடும்.

காலி நினைவகத்தின் அளவை மட்டும் பார்ப்பதே எளிய பரிசோதனை. ஆனால் கெர்னல், வட்டிலிருந்து படித்த கோப்புகளைச் சும்மா கிடக்கும் இடத்தில் பத்திரப்படுத்தி, அவசியம் நேரும்போது விட்டுக்கொடுக்கும் சுபாவமுடையது; ஆகையால் அந்த எண் குறைவதைக் கண்டு பதறுவது பெரும்பாலும் வீண். 1994ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜெஃப் பான்விக் வெளியிட்ட ‘ஸ்லாப்’ என்னும் நினைவக ஒதுக்கீட்டு முறை, ஒரே ஜாதிப் பொருள்களைத் தனித்தனிக் கிடங்குகளாகப் பிரித்து வைத்தது. வேகத்தை முக்கியமாகக் கருதி எழுந்த அவ்வேற்பாட்டைப் பின்னர் லினக்ஸும் ஏற்கவே, எந்த ஜாதிப் பொருள் ஓயாமல் பெருகுகிறது என்பது ‘ஸ்லாப்இன்ஃபோ’ பட்டியலில் தெரியலாயிற்று. ஆனால் அதனை வாங்கி மறந்தவர் யார் என்று அப்பட்டியல் சொல்லாது.

அதைச் சொல்லவந்தது, 2009 செப்டம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.31இல் சேர்ந்த ‘கெமெம்லீக்’. கேட்டலின் மாரினாஸ் இயற்றிய இக்கருவி, ஒதுக்கப்படும் ஒவ்வொரு துண்டையும், அதை எந்தெந்தச் செயற்கூறுகளின் வழியாக யார் கேட்டு வாங்கினார் என்ற வரலாற்றோடு பதிந்துகொண்டு, வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நினைவகத்தைத் துழாவி, அத்துண்டின் முகவரி எங்கேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. எங்கும் குறிக்கப்படாத துண்டு அநாதை, அதுவே சந்தேகத்துக்குரியது. இப்பொழுதுதான் பிறந்த துண்டின் முகவரி செயலியின் பதிவேட்டிலேயே இருக்கக்கூடுமாதலால், ஐந்து வினாடிகூட ஆகாதவற்றின்மேல் அது குற்றம் சாட்டுவதில்லை. இந்நிதானம் எனக்கு மிகவும் உகந்தது. மறுபுறம், ஏதோ ஒரு சாதாரண எண் தற்செயலாக முகவரிபோல் அமைந்து உண்மையான கசிவை மறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே கருவியின் மௌனத்தை நற்சான்றாகக் கொள்ளலாகாது.

அவ்வரலாற்றைப் பின்தொடர்ந்து மூலத்தை அடைந்தால், காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். மூன்று துண்டுகள் வாங்கவேண்டிய இடத்தில் இரண்டு கிடைத்து மூன்றாவது கிடையாமற்போக, பிழை என்று அறிவித்துத் திரும்பும் அவசரத்தில், முதலிரண்டையும் விடுவிக்கும் வரிகளை நிரலாளர் எழுதாமல் விட்டிருப்பார்.