நாக்கு வழித்த கதை

கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை நல்லா வெளியே நீட்டிப் பாருங்கள். பின்பக்கம், தொண்டைக்குக் கிட்ட, உருண்டை உருண்டையாகச் சில மேடுகள் தெரியும். 8 முதல் 12 வரை இருக்கும். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி, கூர்முனை தொண்டைப் பக்கம் இருக்க, வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்க்கிற பலர் பயந்து போவார்கள். வாயும் கொஞ்சம் மணந்தால், ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

பயப்பட வேண்டாம். அந்த மேடுகள் எல்லாருக்கும் உண்டு. நாக்கின் மேடுகளை நுணுக்குக்காட்டியின் உதவியோடு விவரித்தவர் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மல்பிகி. அவர் அதை எழுதி வெளியிட்டது 1665 இல். பின்பக்கத்துப் பெரிய மேடுகளில் சுவையரும்புகள் இருக்கின்றன. நாக்கு முழுவதும் மயிர்போல் நிற்கும் மிகச் சிறிய மேடுகளில் அவை இல்லை. உணவைப் பிடித்துப் புரட்டுவதுதான் அவற்றின் வேலை.

ஆனால் மேடு இருந்தால் இடுக்கும் இருக்கும். உணவுத் துகளும் செத்த கலங்களும் அந்த இடுக்குகளில் தங்கும், அவற்றைத் தின்று பக்டீரியா வாழும். எச்சில்தான் வாயை ஓயாமல் கழுவுகிறது. நித்திரையில் அது குறைவதால்தான் காலையில் எல்லாருடைய வாயும் மணக்கிறது. இங்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கும். அப்போது வாயால் மூச்சுவிட்டுப் படுத்தால் இன்னும் மோசம்.

எங்கள் ஆட்கள் இதற்கு என்ன செய்தார்கள்? வரலாற்றில் இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். ஒன்று வழிப்பது, மற்றது மறைப்பது.

முதலில் வழிப்பது. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான சரக சம்ஹிதை என்னும் ஆயுர்வேத நூல், நாக்கின் அடிப்பக்கத்தில் சேரும் அழுக்கால் துர்நாற்றம் வருகிறது, ஆகவே நாக்கை வழிக்க வேண்டும் என்கிறது. வழிக்கும் கருவியைப் பொன், வெள்ளி, செம்பு, தகரம், பித்தளை ஆகியவற்றில் செய்யலாம் என்றும் சொல்கிறது. தமிழில் பெருவாயின் முள்ளியார் எழுதிய ஆசாரக்கோவை, விடியலில் குச்சியால் பல் துலக்குவதை அன்றாடக் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யிஜிங், அங்கே பல் குச்சியை மென்று துலக்கியபின் அதையே பிளந்து வளைத்து நாக்கை வழிப்பதாக எழுதிவைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் தென்னோலை ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழித்ததைப் பற்றி அம்மம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதே கதைதான். குச்சிக்குப் பதிலாக ஈர்க்கு, அவ்வளவுதான்.

அடுத்தது மறைப்பது. பழந்தமிழர் வெற்றிலையோடு தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதிக்காய் என்று ஐந்து வாசப் பொருட்களைச் சேர்த்து மென்றார்கள். அந்தக் காலத்தில் மிக உயர்வாக மதிக்கப்பட்ட கற்பூரம் சுமாத்திராவின் பாருஸ் துறைமுகத்திலிருந்து போனது. அங்கே 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். வாயை மணக்க வைக்கும் பொருள் விளைந்த கரையில் 900 ஆண்டுகளுக்கு முன்பே புலம்பெயர்ந்த தமிழர் இருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் பாக்கைப் பெருமையாகப் பேச முடியாது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லிவிட்டது.

மறைக்கும் வழிக்கு 20ஆம் நூற்றாண்டில் வேறு முகம் வந்தது. 1879 இல் அமெரிக்காவில் கிருமிநாசினியாக உருவானது லிஸ்டரின். ‘ஹாலிடோசிஸ்’ என்ற மருத்துவச் சொல் அதற்கு முன்பே இருந்தது. 1920களில் அந்த நிறுவனம் அச்சொல்லை விளம்பரத்தில் எடுத்து ஊரெல்லாம் பரப்பியது. வாய் நாற்றத்தால் கல்யாணமாகாமல் நிற்கும் பெண், அதை அவளிடம் சொல்லத் துணியாத தோழிகள் என்று படம் போட்டார்கள். மருந்து விற்பதற்கு முதலில் வெட்கத்தை விற்றார்கள்.

அந்த வெட்கம் எங்களுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தயங்கியவர்களில் நானும் ஒருத்தி. வெங்காயமும் உள்ளியும் வாயில் மணப்பது உண்மைதான். ஆனால் அது யார் சாப்பிட்டாலும் மணக்கும். நாட்பட்ட வாய் நாற்றம் பெரும்பாலும் கறியிலிருந்து வருவதில்லை, வாய்க்குள் இருக்கும் பக்டீரியாவிலிருந்துதான் வருகிறது.

இதை ஆய்வுகூடத்தில் காட்டியவர்களில் முக்கியமானவர் எங்கள் நாட்டிலேயே வேலை செய்தார். வன்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜோசப் டொன்செடிச், 1960களிலிருந்து வாய்க் காற்றைப் பிரித்து ஆராய்ந்தார். ஹைட்ரஜன் சல்பைட்டு, மெதைல் மெர்கப்டன் ஆகிய கந்தக வாயுக்கள்தான் முக்கிய காரணம் என்று நிறுவினார். அவை பிறக்கும் இடங்களில் நாக்கின் பின்பகுதி முதன்மையானது. நாக்கின் அடியைப் பார் என்று சரகர் சொன்ன இடமும் அதுதான். சரகருக்குப் பக்டீரியாவும் தெரியாது, கந்தக வாயுவும் தெரியாது. கவனித்துப் பார்த்ததை வைத்துச் சொன்னார். வன்கூவரில் அளந்து பார்த்துக் காரணம் சொன்னார்கள். இரண்டும் வேண்டும்.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, காலையில் பல்லுத் தீட்டியபின் நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் மெல்ல வழியுங்கள். மேடுகளைச் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், அவை உங்கள் உடம்பின் பகுதி. தண்ணீர் குடியுங்கள். புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், வழித்தபின்னும் நாற்றம் போகாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவரிடம் வாயைத் திறக்க வெட்கப்படத் தேவையில்லை. 2,000 ஆண்டுகளாக மனிதர்கள் வெளிப்படையாகப் பேசி, எழுதி, மருந்து தேடிய விஷயம் இது. இதை ரகசியமாக்கியது ஒரு விளம்பரம்தான்.