கூப்பன் தொடக்கம் கியூ.ஆர் வரை

2022 ஆடி மாதம். சுருவிலிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு லீற்றர் பெற்றோல் கிடைக்குமா என்று ஊரே அலைந்த காலம். 16ஆம் திகதி அரசாங்கம் தேசிய எரிபொருள் அட்டை என்று ஒன்றை அறிவித்தது. போனில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். அதைக் காட்டினால்தான் பெற்றோல். எங்களில் ஒருத்தி அதை வீட்டில் காட்டினபோது அப்பம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "கூப்பன்."

அப்ப நாங்கள் சிரிச்சோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழ, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பங்கீடு தொடங்கியது. அதைக் கொடுப்பதற்காகவே ஊரூராகச் சங்கக்கடைகள் பெருகின. எங்கள் வீடுகளில் இன்றைக்கும் "கூப்பன் அரிசி", "கூப்பன் மா" என்ற சொற்கள் புழங்குவது அதனால்தான். இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம், அந்தக் கடதாசி முறை மோசடியை எப்படித் தடுத்தது என்பது. ஒரு குடும்பத்தின் கூப்பனை ஒரு கடையோடு கட்டிவிட்டார்கள். அரிசி கொடுக்கும்போதே அந்தக் கிழமைத் துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டின துண்டுதான் கடைக்குக் கணக்கு. ஆக, உங்கள் கையிலுள்ள புத்தகம், கடைக்காரரின் பதிவேடு, மேலே உணவுத் திணைக்களத்தின் கணக்கு, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கடைகள் ஒன்றோடொன்று பேசவே தேவையில்லை. மற்றக் கடையில் உங்கள் கூப்பன் செல்லாது, அவ்வளவுதான்.

ஆனால் அதில் ஓட்டை இருந்தது. ஒருவர் செத்தால் வீட்டுக்காரர் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செத்தவருக்கும் அரிசி வரும். இன்னொரு பிரச்சினை அதைவிடப் பெரியது. ஒரு கடையோடு கட்டப்பட்ட மனிசர் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தால்?

1979இல் உணவு முத்திரை வந்து கூப்பன் காலம் முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை. 1990, 91இல் தீவகத்திலிருந்து பெரும்பகுதி சனம் வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தது. நிவாரண அட்டைக்குப் புது இடத்துக் கிராம சேவகர் உங்களைச் சேர்க்க வேண்டும், பழைய இடத்துப் பதிவில் உங்கள் பெயர் வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குடும்பம் இரண்டு இடத்தில். காகிதத்தில் நியாயமான நிபந்தனை. பழைய ஊர் இராணுவத்தின் கையில் இருக்கும்போது அந்தக் கடிதத்தை எங்கே போய் எடுப்பது? அந்த வருசங்களில் பெற்றோலுக்கோ பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின யாழ்ப்பாணத்தில் பெற்றோலைச் சரிபார்த்துக் கொடுக்கிற பேச்சே எழவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லையே.

2022க்கு வருவோம். கியூ.ஆர் முழுமையாக வரும்வரை இலக்கத் தகட்டின் கடைசி எண் பார்த்துத்தான் பெற்றோல்: 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும், 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும், மிச்சப் பேருக்குத் திங்கள், புதன், வெள்ளி. இது நாளை மட்டும்தான் சரிபார்க்கும். காலையில் ஒரு செட்டில் அடித்துவிட்டு மத்தியானம் இன்னொரு செட்டில் அடித்தால் எவருக்குத் தெரியும்?

ஓகஸ்ட் 1இலிருந்து கியூ.ஆர் இல்லாமல் பெற்றோல் இல்லை. பதியும்போது வாகன இலக்கத்தையும் செசி நம்பரையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிட்டார்கள். கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. செட் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தினதோ லங்கா ஐ.ஓ.சியினதோ, எங்கே ஸ்கான் பண்ணினாலும் கழிவது ஒரே கணக்கில். மிச்சம் எவ்வளவு என்று எஸ்.எம்.எஸ் வரும். கூப்பன் ஒரு கடையோடு கட்டிச் செய்ததை இது எல்லாக் கடையையும் ஒரே பதிவேட்டோடு கட்டிச் செய்தது. இணையத்தில் ஒரு புத்தகத்துக்கு ஓடர் போட்டாலும் பின்னால் நடப்பது இந்த வேலைதான்: கடைப்பக்கம் பார்த்ததையே களஞ்சியமும் வங்கியும் பார்க்க வேண்டும். "இருக்கு" என்று பார்ப்பதும் "கழித்தாச்சு" என்று எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்காவிட்டால், கடைசிப் பிரதியை இரண்டு பேர் வாங்கிவிடுவார்கள்.

இடம்பெயர்ந்தவருக்குக் கூப்பன் செய்யாததைக் கியூ.ஆர் செய்தது, ஒத்துக்கொள்கிறோம். வவுனியாவிலும் செல்லும், ஊர்காவற்றுறையிலும் செல்லும். ஆனால் அந்த ஒரே பதிவேட்டில் இல்லாதவர் எல்லாச் செட்டிலும் ஒரே நேரத்தில் இல்லாதவராகிவிடுவார். எங்கள் கடற்கரையில் நிற்கும் வள்ளங்களுக்குச் செசி நம்பர் கிடையாது. அவை கடற்றொழில் திணைக்களத்தின் வேறொரு புத்தகத்தில் இருக்கின்றன. மண்ணெண்ணெய்க்கு அவர்கள் வேறு வரிசையில் நின்றார்கள். அந்த ஓகஸ்டிலேயே அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. அதற்குப் பிறகு வரிசை குறைந்தது என்று சிலர் சந்தோசமாகச் சொன்னார்கள். வாங்க முடியாதவர் வரிசைக்கு வரமாட்டார்தானே.

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி கியூ.ஆரை நிறுத்தினார்கள். அப்பம்மா மட்டும் பேத்தியிடம் கேட்டார், அந்தக் கட்டத்தை அழித்துவிட்டாயா என்று. அழிக்கவில்லை. "வைச்சிரு," என்றார்.