நடுக்குவாத நோயும் அணியத்தக்க உணரிகளும்: ஒரு வரலாறு

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் வருவதாகும். கை நடுக்கம், தசை இறுக்கம், அசைவுகள் மெதுவாதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டு இதனை விரிவாக எழுதினார். இன்று உடலில் அணியும் மெல்லிய உணரிகளால் இந்நோயை அளக்க முயல்கின்றனர். இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

பூனைக்காலி விதை

பூனைக்காலி நம் ஊர்ப் புதர்களிலும் வேலிகளிலும் படரும் கொடி. அதன் காயின்மேல் உள்ள சுனை பட்டால் கடுமையாக அரிக்கும். விதையைச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் இவ்விதையிலிருந்து லெவோடோப்பா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1913-இலேயே குக்கன்ஹைம் என்பவர் ஃபாவா அவரையிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார். இது நடுக்குவாதத்துக்கு உதவும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

மருந்தான கதை

1957-இல் சுவீடனின் அர்வித் கார்ல்சன், மருந்தால் அசைவிழந்த விலங்குகளுக்கு டோப்பாவைக் கொடுத்து மீண்டும் நடமாட வைத்தார். நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டனர். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்றும் இதுவே முதன்மை மருந்து.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

லெவோடோப்பா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. நோய் முற்ற முற்ற, ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். மருந்து குறைந்தால் உடல் இறுகும். மிகுந்தால் கைகால்கள் தாமாக நெளியும். வண்டலூரிலிருந்து மின்ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி அரசுப் பொது மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு நோயாளியை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் அவரைப் பார்ப்பது சில நிமிடங்களே. அந்நேரத்தில் கை நடுங்காமல் இருந்தால், காலை முழுவதும் அவர் பட்ட பாடு தெரியாமலே போகும். வீட்டில் நடப்பதை அளக்க வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

உணரிகளின் வளர்ச்சி

நடுக்கத்தைக் கருவியால் பதிவு செய்யும் எண்ணம் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ, நாடித்துடிப்பை வரையும் கருவியை இதற்குப் பயன்படுத்தினார். பின்னர் முடுக்கமானிகள் சிறிதாகி, மணிக்கட்டில் கட்டும் அளவுக்கு வந்தன. ஆஸ்திரேலியாவில் உருவான கைனட்டிகிராஃப் என்னும் கருவி, நோயாளியின் அசைவுகளை நாள்கணக்கில் பதிவு செய்வதோடு மாத்திரை நேரத்தையும் அதிர்ந்து நினைவூட்டும்.

2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர், தோலோடு ஒட்டி வளைந்து நீளும் மின்னணுச் சுற்றை வெளியிட்டனர். 2019-இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவே குழுவினர், வியர்வையில் உள்ள லெவோடோப்பாவை அளக்கும் பட்டையை உருவாக்கினர். அதிலுள்ள நொதி லெவோடோப்பாவோடு வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டமே அளவைக் காட்டுகிறது. சோதனைக்காகத் தன்னார்வலர்கள் உண்டது அதே ஃபாவா அவரையைத்தான்.

கவனிக்க வேண்டியவை

உணரி நோயைக் குணப்படுத்தாது. மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவர் சரியாக முடிவு செய்யத் துணைபுரியும். பூனைக்காலிப் பொடியில் லெவோடோப்பாவின் அளவு விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மாத்திரை உண்பவர் அதையும் தாமாகச் சேர்த்துக்கொண்டால் மருந்து மிகையாகிவிடக்கூடும். சாப்பிடும் எதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணரி கைக்கு எட்டாத வீடுகளில், மாத்திரை உண்ட நேரத்தையும் உடல் இறுகிய நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு சென்றாலே மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.